அம்மா அறுக்கச் சொன்ன பூ

2020 மார்கழியில் ஒரு நாள் காலை, மொட்டைமாடியில் துணி காயப்போடப் போன மனைவி அங்கிருந்தே கூப்பிட்டாள். "என்னங்க, கத்தாழைக்குள்ள இருந்து என்னமோ கெளம்பி வருது." போய்ப் பார்த்தேன். ஊரடங்கு நாட்களில் பொழுது போகாமல் வளர்க்க ஆரம்பித்த செடிகளில் மிச்சம் இருந்தவை நான்கைந்துதான். அதில் சோற்றுக்கற்றாழை, அடியில் விரிசல் விட்ட ஒரு பெயிண்ட் வாளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. அதை யாரும் வளர்க்கவில்லை, அதுவாக இருந்தது என்பதுதான் உண்மை. தலைக்குத் தேய்க்க மனைவி எப்போதாவது ஒரு மட்டை ஒடிப்பாள், அவ்வளவுதான் அதற்கும் எங்களுக்கும் இருந்த உறவு. இப்போது இரண்டு மட்டைகளின் இடுக்கிலிருந்து பனங்கிழங்கு நுனி போல ஒன்று பச்சையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண் பரிசோதனைக்காக மதுரைக்கு வந்திருந்த அம்மா, முட்டி வலியோடு படியேறி வந்து பார்த்தார். ஒரே பார்வைதான். "பூத்தண்டுடா இது. கத்தாழ பூத்தா செடி நிக்காது. வீட்டுக்கும் ஆகாது. அறுத்துப் போடு." கீழ்வீட்டு அக்காவும் அதையே சொன்னார். மனைவியின் அலுவலகத் தோழி மட்டும், பூத்தால் யோகம், பணம் வரும் என்றாராம். எதற்கும் ஆதாரம் கிடையாது. மூவருக்குமே சந்தேகமும் கிடையாது. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று பத்து வருடமாகச் சொல்லித் திரிகிறவன். ஆனாலும் அறுத்தேன். அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண் அறுவைசிகிச்சை. 'ஒருவேளை' என்ற ஒரு சொல் நெஞ்சுக்குழியில் உட்கார்ந்துகொண்டது. அம்மாவிடம் வாதாடுவதைவிட அறுப்பது சுலபம் என்று மனைவியிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

அறுத்தபோது தண்டு ஒன்றரை அடிக்கு வளர்ந்திருந்தது. காய்கறிக் கத்தி பட்டதும் வாழைத்தண்டு மாதிரி சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது, வெட்டுவாயில் வழவழவென்று நீர் கோத்தது. நுனியில் மொட்டுகள் கம்பங்கதிர் போல நெருக்கி அடுக்கியிருந்தன, எல்லாம் மேல்நோக்கி. குப்பையில் போட மனம் வரவில்லை. காலி ஜூஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அடுப்படி ஜன்னலில் நட்டுவைத்தேன். அம்மா முறைத்தார், ஆனால் எடுத்து எறியவில்லை. ஐந்தாறு நாளில், அறுபட்டது தெரியாதது போல, கீழ்வரிசை மொட்டுகள் ஒவ்வொன்றாகத் தலை கவிழ்ந்து மஞ்சளாக விரிந்தன. ஒரு அங்குலக் குழாய், நுனியில் லேசாகப் பச்சை ஓரம், வாசனை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. எட்டு பூ விரிந்தது, மேலே இருந்தவை சுருங்கிவிட்டன. அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. "அறுத்தது நல்லதாப் போச்சு பாத்தியா" என்றார் அம்மா. மருத்துவருக்கு அதில் எவ்வளவு பங்கு கொடுத்தார் என்று தெரியவில்லை.

அக்கறையில் அழுகியது

அதற்குப் பிறகு அந்தச் செடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் குறுகுறுப்பு. செய்த காரியத்துக்குப் பரிகாரம் போல அதைக் கவனிக்க ஆரம்பித்தேன். பெயிண்ட் வாளியிலிருந்து பெயர்த்து, பளபளப்பான பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். நர்சரியில் வாங்கிய மண்கலவை, பாதிக்கு மேல் தென்னைநார்க் கழிவு. தொட்டிக்கு அடியில் தண்ணீர் சிந்தாமல் இருக்க ஒரு தட்டு. வெயிலில் கிடந்து வாடுகிறதே என்று நிழலுக்குக் கொண்டுவந்தேன். தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர். நான் செய்த ஒவ்வொன்றும் கற்றாழைக்கு எதிரானது என்பது எனக்கு அப்போது தெரியாது. நார்க்கழிவு ஈரத்தை விடாது, தட்டில் நிற்கும் தண்ணீரை வேர் தாங்காது, நிழலில் மட்டைகள் ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும்.

2021 ஐப்பசி மழையில் கதை முடிந்தது. ஒரு மட்டையைத் தொட்டால் கையோடு வந்தது. அடிப்பாகம் பழுப்பேறி, ஊறவைத்து மறந்துபோன புளி மாதிரி கொழகொழத்துக் கிடந்தது, நாற்றம் வேறு. அம்மாவிடம் போனில் சொன்னேன். "நான்தான் சொன்னேன்ல, பூ வந்துச்சு, போயிருச்சு." பூவைத்தான் அறுத்துவிட்டேனே என்றேன். "அறுத்தாலும் வந்தது வந்ததுதான்." செடி பிழைத்திருந்தால் அறுத்ததால் பிழைத்தது, செத்தால் பூத்ததால் செத்தது. இப்படி ஒரு கணக்கை யாராலும் தோற்கடிக்க முடியாது.

அந்த வாரம் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டிய கற்றாழை வேர் மேலேயும் தலை கீழேயுமாகத் தொங்குகிறது. எத்தனை மாதமாகத் தொங்குகிறது என்று கேட்டேன். "ஆடி அமாவாசைக்குக் கட்டினது சார்." மண் இல்லை, தண்ணீர் இல்லை, கொதிக்கிற பாய்லர் பக்கத்தில். மட்டைகள் நுனியை மட்டும் மேல்நோக்கி வளைத்துக்கொண்டு உயிரோடு இருந்தன. சொம்பு சொம்பாக ஊற்றிய என் செடி அழுகிப்போயிற்று. சத்தியமாகப் பொறாமையாக இருந்தது.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை இழுக்கும், அதற்கு விலையாக நீரை இழக்கும். கற்றாழை பகலில் துளைகளை அடைத்துக்கொண்டு இரவில்தான் திறக்கிறது. இரவில் இழுத்த வாயுவை அமிலமாக மாற்றிச் சேர்த்துவைத்து, விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சமைக்கிறது. இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு சின்னப் பங்கு உண்டு. பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர், சென்னை மாகாணத்தில் வேலை பார்த்து 1819இல் சென்னையிலேயே இறந்தவர், ரணகள்ளி இலையை மென்று பார்த்து எழுதிய கடிதம் 1815இல் அச்சானது. கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைக்கும் அதே இலைதான். காலையில் புளிக்கிறது, நண்பகலில் ருசியே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று எழுதினார். ரணகள்ளிக்கும் கற்றாழையின் இதே பழக்கம்தான். இரவில் சேர்ந்த அமிலம் பகலில் தீர்ந்துபோவதைத்தான் நாக்கு கண்டுபிடித்திருக்கிறது. படித்துவிட்டு நானும் ஒரு ரணகள்ளி இலையைக் காலையில் மென்று பார்த்தேன். புளித்தது. மதியம் மெல்ல நேரமில்லை.

அழுகிய செடியைத் தூக்கி எறியும்போது, ஓரத்தில் இரண்டு கன்றுகள் வெள்ளை வேரோடு நன்றாக இருந்தன. இந்த முறை கீழ்வீட்டு அக்கா சொன்னபடி கேட்டேன். பூ விஷயத்தில் எப்படியோ, மண் விஷயத்தில் அவர் கெட்டி. பெயர்த்த கன்றை உடனே நடாமல் நான்கு நாள் நிழலில் போட்டு வெட்டுக்காயம் காயவிடச் சொன்னார். மண்தொட்டி, அடியில் உடைந்த செங்கல் சில்லு, ஒரு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மணல், ஒரு பிடி மக்கிய சாணம். நட்டு ஒரு வாரம் தண்ணீரே கூடாது. அப்புறம் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து இரண்டாம் கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். மதுரைச் சித்திரையில் அது வாரம் ஒரு முறை, அடைமழையில் ஒரு முறைகூட இல்லை. தாகம் எடுத்தால் மட்டை மெலிந்து உள்பக்கம் குழிந்து சொல்லிவிடும், அதற்குப் பிறகு ஊற்றினாலும் பிழைத்துக்கொள்ளும். கூடிப்போனால் சொல்லாது.

அப்பத்தாவின் கற்றாழை

2022 பங்குனிப் பொங்கலுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். அப்பத்தாவுக்கு அப்போது எண்பத்தைந்துக்கு மேல். காது மந்தம், ஞாபகம் கூர்மை. சாயங்காலம் அவரைக் கைப்பிடித்து ஓடைக்கரை வரை நடத்திக் கூட்டிப்போனேன். கரை முழுக்க ஒரு காலத்தில் வேலியாக இருந்த ரயில் கற்றாழையில் இப்போது பத்துப் பன்னிரண்டு தூர்தான் மிச்சம். ஆள் உயர மட்டைகள், சாம்பல் பூத்த பச்சை, நுனியில் கோணி ஊசி மாதிரி முள். தண்டவாளத்து ஓரம் ஆடுமாடு ஏறாமல் இருக்க இதை வேலியாக வைத்தார்கள், அதனால்தான் அந்தப் பெயர். ஆனைக்கற்றாழை என்றும் சொல்வோம். அதில் ஒரு தூர் மட்டும் பூத்து முடித்து நின்றது. நடுவிலிருந்து விளக்குக் கம்பம் போல இருபதடிக்குக் கிளம்பிய தண்டு, உச்சியில் கை கையாகக் கிளை, எல்லாம் காய்ந்து கறுத்து. அடியில் மட்டைகள் பழைய சாக்குப்போல மடிந்து தரையில் கிடந்தன. முழுச் சாவு.

"அந்தா பாரு ஐயா, பூத்துருச்சு. கத்தாழ பூத்தா அம்புட்டுத்தான். வாழ கணக்கா. குல தள்ளிருச்சுன்னா தூரு நிக்குமா?"

நான் சட்டென்று நின்றுவிட்டேன். அம்மா சொன்ன அதே வாக்கியம். எங்கள் வீட்டுக் கற்றாழையும் பூத்ததையும், அம்மா அறுக்கச் சொன்னதையும் அவர் காதுக்குள் கத்திச் சொன்னேன். எந்தக் கற்றாழை என்று இரண்டு முறை கேட்டார். தலைக்குத் தேய்க்கிறதே, உள்ளே நுங்கு மாதிரி இருக்குமே, அது என்றேன். அப்பத்தா சிரிக்க ஆரம்பித்தார். பல் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

"அது சோத்துக் கத்தாழைல்ல. அது எங்க செத்துச்சு? குப்பமேட்டுல வருசா வருசம் பூத்துக் கெடக்கும். அதப் போயி யாரு அறுப்பா, கிறுக்குப் பயலே. அறுக்கணும்னு சொன்னது இந்த மட்டைய."

அப்புறம் உட்கார்ந்து சொன்னார். இந்த மட்டையை அறுத்து, கட்டாகக் கட்டி, ஓடைத் தண்ணீரில் கல்லை ஏற்றி ஊறப்போடுவார்களாம். சதை அழுகி நாறும். எடுத்து அடித்து அலசினால் வெள்ளை நார். வாளிக் கயிறு, மாட்டுக்குத் தும்பு, கட்டிலுக்குக் கயிறு எல்லாம் அதில்தான். சாறு பட்டால் கையெல்லாம் அரிப்பு எடுக்கும், வேப்பிலையைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் போக வேண்டும். தண்டு கிளம்பிவிட்டால் மட்டை தேறாது, பூத்த தூர் செத்துவிடும், அந்த வருடக் கயிற்றுக்காசு போச்சு. அதனால் தண்டு தலைகாட்டுவதற்குள் மட்டையை அறுத்துவிட வேண்டும். பூத்தால் வீட்டுக்கு ஆகாது என்றால் இதுதான் பொருள்! அம்மா இருபது வயதில் மதுரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் இருந்தார், நாரடித்த வேலையெல்லாம் அதற்குள் நின்றுபோயிருந்தது. மாமியார் வாயில் கேட்ட வாக்கியம் மட்டும் அம்மாவோடு மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டது. செடி ஓடைக்கரையிலேயே நின்றுவிட்டது.

இத்தனை நாளும் நான் அதற்கு மூடநம்பிக்கை என்று பெயர் வைத்திருந்தேன். சொல்லும்போது ஒரு மிதப்பும் இருந்தது. ஓடைக்கரையில் அந்தக் காய்ந்த கம்பத்தைப் பார்த்தபோது, நான் அந்தச் சொல்லை எவ்வளவு சோம்பேறித்தனமாகப் பயன்படுத்தியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. அப்பத்தா சொன்னது அச்சு அசலான உண்மை. அது வேறு செடியைப் பற்றியது, அவ்வளவுதான். நம்பாமல் இருந்த நானும் நம்பிய அம்மாவும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறோம். எந்தக் கற்றாழை என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. அப்பத்தா இரண்டு முறை கேட்டார்.

ஒரே பேர்

கல்லும் தாழையும் சேர்ந்தால் கற்றாழை. கடலோரத்தில் மடல் விரிக்கும் தாழை நமக்குப் பழக்கம். அதே மாதிரி முள்விளிம்பும் நீண்ட மடலுமாக, ஆனால் கல்லாங்காட்டில் ஒரு செடியைப் பார்த்தவர் யாரோ அந்தப் பேரை வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். தாழைக்கு இவற்றோடு சொந்தம் ஒன்றும் கிடையாது. சோற்றுக்கற்றாழையும் ரயில் கற்றாழையும்கூட பங்காளிகள் என்று சொல்லும் அளவுக்கு நெருக்கமில்லை. ரயில் கற்றாழை மெக்சிகோவிலிருந்து வந்தது. சோற்றுக்கற்றாழையின் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம் என்று 2015இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று சொல்கிறது. உலகத்தில் சோற்றுக்கற்றாழை வகையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு, பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் அரேபியாவிலும்.

பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. 1768 ஏப்ரல் 6ஆம் தேதி பர்மன் என்ற டச்சுக்காரர் இந்தியத் தாவரங்கள் பற்றிய நூலில் சோற்றுக்கற்றாழைக்கு அலோ வெரா என்று பெயர் போட்டார். பத்து நாள் கழித்து லண்டனில் மில்லர் என்ற தோட்டக்காரர் தன் அகராதியில் அலோ பார்படென்சிஸ் என்று வைத்தார், கரீபியன் கடலில் உள்ள பார்படாஸ் தீவின் பெயரால். முந்தியவர் பெயர்தான் செல்லும் என்பது தாவரவியலார் சட்டம். ஆனால் உங்கள் வீட்டு ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், இன்னும் பார்படென்சிஸ் என்றுதான் இருக்கும். பிறக்காத ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு குளியலறையில் நிற்கிறது.

இரண்டு செடிக்கும் உள்ள வித்தியாசத்தை வாழை, தென்னை வைத்து யோசித்தால் எளிது. ரயில் கற்றாழை வாழை கட்சி. வளரும் நடுக்குருத்தே தண்டாகிவிடுகிறது, இனி இலை விட நுனி இல்லை. பத்து முப்பது வருடமாகச் சேர்த்துவைத்ததையெல்லாம் ஒரே பூப்பில் கொட்டிவிட்டுத் தூர் மடிகிறது, பக்கக் கன்று பிழைக்கிறது. சோற்றுக்கற்றாழை தென்னை கட்சி. பாளை போல மட்டை இடுக்கிலிருந்து பூத்தண்டு வருகிறது, நடுக்குருத்து பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருக்கிறது. அதற்குச் சாக அவசியமே இல்லை. நான்தான் தண்ணீர் ஊற்றிக் கொன்றேன்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் உடனே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். "உங்க அப்பத்தாவுக்கு வயசாயிருச்சு, மறந்துருப்பாக" என்றார்.

கன்று பூக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. பூக்க வைக்க என்ன செய்தீர்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். தொட்டியை மாற்றவில்லை, வேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. நாள் முழுக்க வெயில் படும் இடத்துக்குக் கொண்டுபோனேன், ஆனால் ஒரேயடியாக இல்லை, வாரத்துக்கு இரண்டடியாக நகர்த்தினேன். முதலில் ஒரு முறை அவசரப்பட்டு நகர்த்தியதில் மட்டையெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது. மழை நின்றதும் தண்ணீரைக் குறைத்தேன். மார்கழிக் குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. சுருக்கமாக, அந்தப் பழைய பெயிண்ட் வாளியில் தானாகக் கிடைத்ததையெல்லாம் மூன்று வருடம் கஷ்டப்பட்டு ஏற்பாடு செய்தேன்.

2025 தை பிறந்த வாரத்தில் நுனி தெரிந்தது. இந்த முறை கத்தி எடுக்கவில்லை. மூன்று வாரத்தில் தண்டு இரண்டரை அடி. மொட்டுக்கு நடுவில் மாவுப்பூச்சி அடைந்தது, எறும்பு சாரை சாரையாக ஏறியது. வேப்பெண்ணெயில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து பஞ்சால் துடைத்தேன். கீழிருந்து ஒவ்வொரு வரிசையாக மொட்டுகள் தலை கவிழ்ந்து மஞ்சளாயின. பெட்ரோல் பங்க் ரசீதின் பின்பக்கம் கணக்கு வைத்தேன், ஒரு நாளைக்கு நான்கு அல்லது ஐந்து. ஏழாம் நாள் காலை தேன்சிட்டு வந்தது, ஆண், வெயில் பட்டால் ஊதாவும் பச்சையுமாகத் தெறிக்கிற நிறம். தண்டைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, வளைந்த அலகைக் குழாய்க்குள் விட்டு எடுத்தது. அலகு வளைவும் குழாயின் சாய்வும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. வெளியே எடுத்தபோது நெற்றியில் மஞ்சள் பொடி. அவ்வளவு வேலை பார்த்தும் காய் பிடிக்கவில்லை. இதற்குத் தன் மகரந்தம் தனக்கு ஆகாது, வேறு செடியினுடையது வேண்டும். பக்கத்துத் தொட்டியில் இருப்பது அதே தாயின் இன்னொரு கன்று, அதாவது அதே செடி. அது பூத்தாலும் பயன் இல்லை.

அம்மா அந்த மாதம் வந்திருந்தார். முதல் நாள் மாடிக்கே ஏறவில்லை. இரண்டாம் நாள் ஏறி, தள்ளி நின்று பார்த்தார். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், அறுவைசிகிச்சை செய்த கண்ணை இடுக்கிக்கொண்டு. ஊருக்குப் போனபின் வாரம் ஒரு முறை போனில் ஒரே கேள்வி. "செடி இருக்கா?" இருக்கிறது என்பேன். பங்குனியில் தண்டு காய்ந்தது, இழுத்தால் கையோடு வந்தது. "செடி இருக்கா?" இருக்கும்மா. சித்திரை வெயிலில் மட்டை கொஞ்சம் சிவந்து, மழைக்குத் திரும்பப் பச்சையானது. கார்த்திகையில் இன்னொரு இடுக்கிலிருந்து அடுத்த பனங்கிழங்கு நுனி எட்டிப் பார்த்தது, போட்டோ எடுத்து அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"ரெண்டாவது தடவ பூத்தா என்னன்னு யாரும் சொல்லலையேடா. கீழ்வீட்டு அக்காகிட்ட கேட்டியா?"